சந்தியில் நிற்கிறவள்

அக்காவின் தலையை அழுத்திப் பிடித்திருந்த கையில் ரத்தத்தோடு என்னவோ நறநறத்தது. மண் என்றுதான் பஞ்சாலை முதலில் நினைத்தாள். கழுத்தில் கிடந்த துண்டைச் சுருட்டி, கண்ணாடிச் சில்லுகளை விரலால் தட்டிவிட்டு, காதுக்கு மேலே பிளந்திருந்த இடத்தில் வைத்து அமுக்கினாள். துண்டு நனைந்துகொண்டே வந்தது.

“அக்கா, பேசுக்கா. எதையாச்சும் பேசு.”

“எரியுதுடி,” என்றாள் முத்தாயி. “தலையில கொள்ளிய வச்ச மாதிரி இருக்கு. ஏண்டி இப்படி எரியுது?”

விரலை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அது உப்பு என்று பஞ்சாலைக்கு விளங்கியது. எரியாமல் என்ன செய்யும். சாஸ் போத்தல் நிறையக் கல்லுப்பை அடைத்து ஒரு மனுசியின் மண்டையில் வீசினால் எரியத்தான் செய்யும்.

தோட்டத்துச் செம்மண் பாதை ரந்தாவ் டவுனுக்குப் போகிற பெரிய ரோட்டில் வந்து முட்டுகிற சந்தி அது. ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் ரப்பர் பால்மரம், ஓரத்தில் முனியாண்டி சாமிக்கு ஒரு தகரக் கொட்டகை. விளக்குக் கம்பம் கிடையாது. இன்னும் விடியவில்லை. வந்த வழியே திரும்பித் தோட்டத்துக்குள் ஓடிய மோட்டார் சைக்கிளின் சத்தம் மரங்களுக்குள் தேய்ந்துகொண்டிருந்தது. சைலன்சரை அறுத்துவிட்ட மோட்டார். அந்தத் தோட்டத்தில் அப்படிக் கத்துவது ஒன்றே ஒன்றுதான், வேலை வாங்குகிற மண்டோரின் மகன் சந்திரனுடையது.

எல்லாம் ஒரு பாஸ் அட்டையால் வந்தது. முத்தாயிக்கு செனாவாங் டவுனில் எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. காலை ஷிப்டுக்கு பஸ் இருட்டிலேயே வந்துவிடும். டார்ச் லைட்டோடு அவளைச் சந்தி வரைக்கும் கொண்டு வந்து விட்டுவிட்டு, திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவது பஞ்சாலையின் அன்றாட வேலை. இன்றைக்குப் பாதி வழியில் அட்டையை வீட்டில் விட்டு வந்தது நினைவுக்கு வர, டார்ச்சோடு பஞ்சாலை திரும்பி ஓடினாள். முத்தாயி இருட்டிலேயே தனியாகப் போய் சந்தியில் நின்றாள், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு, முதுகைத் தோட்டத்துக்குக் காட்டிக்கொண்டு, பேக்டரியில் கொடுத்த வெள்ளை அங்கியோடு. அந்த அங்கி இல்லாமல் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

அட்டையோடு பஞ்சாலை ஓடி வரும்போதே அந்தக் குரலைக் கேட்டாள். மோட்டாரை நிறுத்தி, லைட்டை அணைத்து, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு ஒருவன் மலாயில் கேட்டான்.

“சியாப்பா நாமா?”

பதில் இல்லை.

“சியாப்பா நாமா? பேரு என்ன? சொல்லு.”

மூன்றாவது தடவை அவன் குரல் உடைந்திருந்தது. கேட்டவனே நடுங்கிக்கொண்டுதான் கேட்டான். அதற்கும் பதில் இல்லை. பிறகு போத்தல் உடைகிற சத்தம். லைட் போடாமல் எதிரே பாய்ந்து வந்த மோட்டாருக்கு ஒதுங்கி அவள் வாய்க்காலில் விழுந்து எழுந்தாள்.

இப்போது பெரிய ரோட்டில் வெளிச்சம் தெரிந்தது. பேக்டரி பஸ். பஞ்சாலை எழுந்து டார்ச்சை ஆட்டினாள். பஸ் வேகத்தைக் குறைத்தது. லைட் முத்தாயியின் மேல் விழுந்தது. வெள்ளை அங்கி, அவிழ்ந்த கூந்தல், இடுப்பு வரைக்கும் ரத்தம். உள்ளே யாரோ “ஹந்து, ஹந்து”, பேய் பேய் என்று மலாயில் அலறுவது கேட்டது. டிரைவர் அவர்களை நேராகப் பார்த்தான். பார்த்துவிட்டு மிதித்தான். பஸ் உறுமிக்கொண்டு போய்விட்டது. மாதக்கணக்காக அந்த பஸ்ஸில் போய் வருகிறவள் முத்தாயி. போன தீபாவளிக்கு அவள் கொடுத்த முறுக்கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கடித்துத் தின்றவன் அந்த டிரைவர்.

“போயிட்டானா?” என்றாள் முத்தாயி.

“போயிட்டான்.”

“ஏன் நிக்கல?”

பஞ்சாலை அக்காவைக் கொட்டகைத் தூணில் சாய்த்து வைத்து, துண்டை அவள் கையாலேயே பிடிக்கச் சொல்லிவிட்டு, பெரட்டுக்களத்துக்கு ஓடினாள்.

தோட்டத்தில் விடியுமுன்னே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. எல்லா ஆம்பளைகளும் அங்கேதான் நின்றார்கள். மண்டோர் வீரமுத்து லாந்தர் வெளிச்சத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்த மோட்டார் நின்றது. அதன் மேல் சாய்ந்துகொண்டு சந்திரன் நின்றான்.

“அக்காவ அடிச்சிட்டாங்க. சந்தியில கெடக்கா. மண்ட ஒடஞ்சு ரத்தமா ஓடுது.”

வரிசை கலைந்தது. “யாரும்மா அடிச்சது?” என்று அப்பா முருகையா முன்னால் வந்தார்.

பஞ்சாலை கையை நீட்டினாள். “இந்த மோட்டாருதான். இவன்தான்.”

 சந்திரனுக்கு அப்போதுதான் தெரிந்தது, தான் அடித்தது யாரை என்று. லாந்தர் வெளிச்சத்தில் அவன் முகம் வெளிறுவதைப் பஞ்சாலை கண்ணால் பார்த்தாள். அவன் அப்பாவும் பார்த்தார். பார்த்தவர் குரலை உயர்த்தினார்.

“சந்தியிலன்னா சொன்ன? அட, அந்த வெள்ளச் சீலக்காரி. நான் போன வாரமே சொன்னேனா இல்லையா, முனியாண்டிக்கு ஒரு பூச போடுங்கன்னு. எவன் கேட்டான்.”

“பேயி இல்ல மாமா, இவன்தான், நான் சத்தத்தக் கேட்டேன்.”

“புள்ள பயந்து போயி பெனாத்துது, முருகையா. கூட்டிட்டுப் போயி தண்ணி குடு.”

சந்திக்கு யார் வருகிறீர்கள் என்று முருகையா கேட்டார். ஒருவன் விடியட்டும் என்றான். இன்னொருவன் கையில் எலுமிச்சம்பழம் இல்லை என்றான். மரத்தில் ஏறிப் பாம்பை வாலைப் பிடித்து இழுத்துப் போடுகிற ஆட்கள் அவர்கள். முருகையா யாருடைய சைக்கிளையோ பிடுங்கிக்கொண்டு மகளோடு போனார். பெற்றவரும் தங்கையுமாக முத்தாயியை கேரியரில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தாங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் வானம் வெளுத்துவிட்டது. வெளுத்த பிறகு எல்லாரும் உதவிக்கு வந்தார்கள்.

*

அந்த வெள்ளைச் சீலைக்காரி எங்கிருந்து வந்தாள் என்பது பஞ்சாலைக்கு நன்றாகவே தெரியும்.

தோட்டத்து ஹாலில் ஒரு டிவி உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் மலாய் பேசுகிற ஒரு ஜப்பான் கார்ட்டூன் வரும். சின்னதும் பெரியதுமாக எல்லாப் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். உயரமான கட்டடமும் மின்சார ரயிலுமாக ஒரு பட்டணம். அந்தப் பட்டணத்தில் லிப்டுக்குள் ஒரு பேய், டெலிபோன் கூண்டில் ஒரு பேய், கடைசி ரயிலில் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பேய். கிமிக்கோ என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், பையில் உப்புப் போத்தலை வைத்துக்கொண்டு அவற்றைத் தேடிப் போவாள். கிட்டே போய் “உன் பேர் என்ன” என்று கேட்பாள். மூன்று தடவை கேட்டும் பேர் சொல்லத் தெரியாவிட்டால் அது பேய், உப்பை எறிவாள்.

அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், பட்டணத்தில் மட்டும்தான் பேய் இருக்குமா, நம்ம பக்கமும் இருக்கு என்று ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஒருவன் இருட்டில் மோட்டாரில் போகும்போது சந்தியில் வெள்ளையாக ஒருத்தி நிற்பதைப் பார்த்தானாம். காய்கறி லோரிக்காரனும் பார்த்தானாம். வராத பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாளாம். முகமே இல்லையாம்.

இதைக் கேட்டு முத்தாயி சோற்றுத் தட்டை கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அடியே, அது நான்தான்டி. வராத பஸ்ஸாம்ல. வருது, லேட்டா வருது. அதுவும் இந்த மூஞ்சி இல்லங்கிறவன் எவன்? பவுடர் போட்டுட்டுத்தானே போறேன்?”

அப்போது சிரிக்க முடிந்தது.

*

தோட்டத்து வீட்டு வரிசைக்கு, லயனுக்கு, கொண்டு வந்து இறக்கியதும் பொம்பளைகள் கூடிவிட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வருவதற்குள் மஞ்சள் தண்ணீரைக் கரைத்து முத்தாயியின் தலையில் ஊற்றினார்கள். பேய் தொட்ட தலையை அப்படியே விடக்கூடாதாம். பஞ்சாலை குறுக்கே பாய்ந்தாள்.

“ஊத்தாதீங்க. அதுல உப்பு இருக்கு, போத்தல் துண்டு இருக்கு. டிரஸ்ஸர் பாக்கட்டும்.”

“தள்ளிப் போடி,” என்று யாரோ அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். உப்பு வாய்க்காலோடு போனது. வந்த டிரஸ்ஸர் நல்ல மனுசன்தான். தையல் போட்டார். எப்படி நடந்தது என்று கேட்டார். வீரமுத்துவே பதில் சொன்னார். டிரஸ்ஸர் அவரைப் பார்த்தார், முருகையாவைப் பார்த்தார், கத்தரிக்கோலைக் கழுவி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் அம்மா தாயம்மா கஞ்சியை ஊட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். “ஏண்டி, பேரு என்னன்னு கேட்டா சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? வாயில என்ன இருந்துச்சு?”

முத்தாயி அம்மாவையே பார்த்தாள். “நீதானம்மா சொன்ன.”

“நான் என்ன சொன்னேன்?”

“இருட்டுல பின்னாடி இருந்து யாரு கூப்பிட்டாலும் திரும்பாத, பதில் சொல்லாத, பேரச் சொல்லாதன்னு. நடக்கப் பழகுன நாள்லேருந்து சொல்ற. இந்தத் தோட்டத்துல அதச் சொல்லாத அம்மா யாரு இருக்கா?”

“அது பேயிக்குச் சொன்னதுடி.”

“எனக்கும் அவன் பேயிதானம்மா. மலாய்ல பேரு கேக்குது, லைட்டு இல்ல, ஆளு தெரியல, இருந்த பயத்துல அது யாரு மோட்டாருன்னுகூடத் தோணல. பஸ்ஸு வந்துரட்டும், வந்துரட்டும்னு வேண்டிக்கிட்டே நின்னேன்.”

தாயம்மா கரண்டியைக் கஞ்சிக்குள் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அப்பா அடுப்படி வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தார். பஞ்சாலை அவரிடம் போனாள். ரந்தாவ் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம் என்றாள்.

“மண்டோர் மகன்மா அவன்.”

“அதுனால?”

“எந்த நெரைல பால் வெட்டணும்னு அவருதான் சொல்லணும். இந்த லயன்ல இருக்கலாமா வேணாமான்னும் அவரு வாயிதான். பையன் வேணும்னா அடிச்சான்? பேயின்னு நெனச்சு அடிச்சிட்டான்.”

“சரி, பேயின்னு நெனச்சான். இப்ப இல்லன்னு தெரியும்ல? வந்து சொல்லட்டுமே.”

முருகையா தரையில் விரலால் கோடு கிழித்தார். அவர் எந்தக் கேள்விக்கும் அப்படித்தான் பதில் சொல்வார்.

*

பேக்டரியிலிருந்து சேதி மறுநாள் வந்தது. அதே பஸ்ஸில் போகிற பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, இல்லக்கா, நேரமாச்சு என்றாள். அவள் கண் முத்தாயியின் தலைக்கட்டிலேயே இருந்தது.

“சூப்பர்வைசர் சொல்லச் சொன்னாங்க. பிள்ளைங்க எல்லாம் பயப்படுதுங்களாம். நேத்து டாய்லெட்ல ஒண்ணு கத்தி மயங்கிருச்சு. மொத சுத்தம் பண்ணிட்டு வா, பேய ஓட்டுன பெறகு வா, அதுவரைக்கும் வர வேணாம்னு சொன்னாங்க.”

“எனக்கு பேய் இல்லன்னு சொன்னியா?”

“நான் சொன்னா கேப்பாங்களாக்கா? டிரைவர் ரத்தத்தோட பாத்தேங்கிறான். கால் தரையில படலயாம்.”

“கால் இல்லாமயா முறுக்கு குடுத்தேன் அவனுக்கு?”

அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. போய்விட்டாள்.

முத்தாயி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த வேலையை அவள் எப்படிப் பிடித்தாள் என்று பஞ்சாலைக்குத் தெரியும். அம்மாவோடு பால் வெட்டப் போனவள், கொசுக்கடியும் ஈரத் துணியுமாக இருந்தவள், தானே மனு எழுதி, தானே செனாவாங் போய், ஊசிமுனைக் கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒட்டுகிற பரீட்சையில் நடுங்காத கையால் ஜெயித்து வந்தாள். மண்டோர் பெயர் கூப்பிடுகிற வரிசையில் இனிமேல் நிற்க வேண்டாம் என்று அன்றைக்கு ஆற்று மேட்டில் நின்று கத்தினாள். இப்போது அந்த வேலை ஒரு பேயின் கையில் இருந்தது. இல்லாத பேய். அதை ஓட்டினால்தான் பஸ்.

வீரமுத்து வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார். கோடாங்கி மாயாண்டியைத் தானே கூட்டி வருவதாகச் சொன்னார். எவ்வளவு நல்லவர் என்று லயன் முழுக்கப் பேசிக்கொண்டது.

*

வியாழக்கிழமை பள்ளி விட்டு வரும்போது ஹாலுக்குப் பின்னால் சந்திரன் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தான். சைலன்சருக்கு ஒரு புதுக் குழாய் மாட்டியிருந்தான். சத்தம் போடாத குழாய்.

பஞ்சாலை பையை இறக்கி வைத்தாள். “நல்லாருக்கு. இனிமே யாருக்கும் அடையாளம் தெரியாது.”

“போ பஞ்சால. நான் பேசல.”

“அன்னிக்குப் பேசுனியே. மலாய்லயே பேசுன.”

அவன் துணியை வாளியில் போட்டான். “மூணு தடவ கேட்டேன்லா. சத்தியமா மூணு தடவ. மனுசியா இருந்தா ஒரு தடவையாச்சும் சொல்லிருக்க வேணாமா?”

“நீ சொல்லுவியா?”

“என்னது?”

“நீ சந்தியில தனியா நிக்கிற. பின்னாடி ஒருத்தன் இருட்டுல பேரு என்னங்கிறான். உங்கம்மா உனக்கு என்ன சொல்லி வளத்துச்சு? நீ திரும்புவியா?”

வாளித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் திரும்ப மாட்டான். அவன் அம்மாவும் அதையேதான் சொல்லி வளர்த்திருக்கிறாள். அது அவனுக்கு இந்த நிமிஷம்தான் உறைத்தது போலிருந்தது.

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு,” என்றான். “பசங்க பந்தயம் கட்டுனானுங்க. போலன்னா பொட்டங்கிறானுங்க.”

“கிமிக்கோ மோட்டார்ல போகும்போதா எறியுது? அது கிட்டக்க போயி மூஞ்சப் பாக்கும். பேரு தெரியாம அழுவுற பேயோட ராத்திரி பூரா உக்காந்திருக்கும். ஒனக்கு அதெல்லாம் கண்ணுல படல. போத்தல் மட்டும்தான் பட்டுச்சு.”

“கார்ட்டூன் பாத்து எனக்குப் பாடம் எடுக்காத.”

“நீதான்டா கார்ட்டூன் பாத்து எங்கக்கா மண்டைய ஒடச்ச.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க பஞ்சாலைக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அழத் தெரிகிறது, வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

“நாளைக்கு எல்லாரும் இருப்பாங்க. வந்து நின்னு சொல்லு. நான்தான், தெரியாம எறிஞ்சிட்டேன்னு. அது போதும். போலீசு வேணாம், ஒண்ணும் வேணாம். எங்கக்காவுக்கு பேய் இல்லன்னு ஆயிரும். அவ வேலைக்குப் போவா.”

“அப்பா கொன்னுருவாரு.”

“என்னை மட்டும் உங்கப்பா கொஞ்சுறாரா?”

அவன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனான். புதுக் குழாயோடு அது பூனை மாதிரி போனது.

*

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். முனியாண்டி கொட்டகை முன்னால் தோட்டமே திரண்டிருந்தது. சூடம், சுருட்டு, சேவல் எல்லாம் வரிசையாக இருந்தன. இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வீரமுத்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

முத்தாயியை மணலில் உட்கார வைத்திருந்தார்கள். தலைக்கட்டுக்கு மேலே திருநீறு. அவள் எதிர்க்கவில்லை. வரும்போதே தங்கையிடம் சொல்லிவிட்டாள், “என்ன பண்ணாலும் பண்ணிக்கட்டும்டி. திங்கக்கெழம நான் பஸ்ஸுல இருக்கணும்.”

மாயாண்டி உடுக்கையை அடித்துக்கொண்டு அவளைச் சுற்றி வந்தார். பகலில் அவரும் பால் வெட்டுகிறவர்தான். விரலிடுக்கில் பால் கறை போகவில்லை. வேப்பங்குச்சியை ஓங்கிக்கொண்டு குனிந்தார்.

“யாரு நீ? பேரச் சொல்லு.”

“முத்தாயி,” என்றாள் அவள். “முருகையா மக.”

கூட்டத்தில் ஒரு முனகல். மாயாண்டி தலையை ஆட்டினார். “அது இந்த ஒடம்போட பேரு. உள்ள இருக்கிறவ யாரு? சொல்லு.”

“முத்தாயிதான் மாமா. வேற யாரும் இல்ல.”

குச்சி முதுகில் விழுந்தது. பலமாக இல்லை, ஆனால் விழுந்தது.  இருட்டில் பேர் சொல்லவில்லை என்று அடித்தார்கள். வெளிச்சத்தில் பேர் சொன்னால் அதற்கும் அடி. பஞ்சாலை கூட்டத்தில் சந்திரனைத் தேடினாள். அவன் அப்பாவின் பின்னால், நெற்றியில் பட்டையோடு நின்றான். அவள் கண்ணைப் பார்த்ததும் சூடத்தைப் பார்த்தான்.

உடுக்கை இன்னொரு சுற்று போனது. மறுபடியும் கேள்வி. மறுபடியும் “முத்தாயி”. மறுபடியும் குச்சி. நாலாவதோ ஐந்தாவதோ, மாயாண்டி விபூதி பூசுகிற சாக்கில் அவள் காதோரம் குனிந்து சொன்னது பக்கத்தில் நின்ற பஞ்சாலைக்கும் கேட்டது.

“எதையாச்சும் ஒரு பேரச் சொல்லிரும்மா. எனக்கும் கை வலிக்குது. காலைல வெட்டுக்குப் போவணும்.”

பஞ்சாலையால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

“நிறுத்துங்க,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “அவளுக்குப் பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. போத்தல்ல உப்பப் போட்டு அடிச்சது இந்தா நிக்கிறான் சந்திரன். கேளுங்க அவன. பேரு சொல்லச் சொல்லி அவனக் கேளுங்க.”

யாரும் சந்திரனைக் கேட்கவில்லை. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. வீரமுத்து மெதுவாக, வருத்தப்படுகிறவர் மாதிரி சொன்னார்.

“சின்னதுக்கும் தொத்திக்கிச்சு. அன்னிக்கே கொரல் மாறித்தான் இருந்துச்சு. அதையும் ஒக்கார வை, மாயாண்டி.”

இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்தார்கள். அம்மா “ஐயோ, அவள விடுங்க” என்று முன்னால் வந்தாள், அவளையும் பிடித்துக்கொண்டார்கள். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். முழங்கால் மணலில் இடிபட உட்கார்ந்தபோது பஞ்சாலை அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். முத்தாயி அவளைப் பார்த்தாள், மாயாண்டியின் கைக்குச்சியைப் பார்த்தாள். பிறகு கூந்தலை அவிழ்த்து முன்னால் போட்டாள். உடம்பை ஆட்டத் தொடங்கினாள்.

“சொல்றேன்,” என்றாள். தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு சொன்னாள். “அவள விடு. சொல்றேன். எம் பேரு கிமிக்கோ.”

உடுக்கை நின்றது.

“கிமிக்கோவா?” என்றார் மாயாண்டி.

“கிமிக்கோ.”

முன் வரிசையில் குந்தியிருந்த பொடியன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்று சிரிக்க வாயெடுத்தது, இன்னொன்று அதன் வாயைப் பொத்தியது. சந்திரனின் தலை நிமிர்ந்தது. பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஹாலுக்கு அவர்கள் டிவி பார்க்க வருகிறவர்கள் இல்லை.

“இது நம்ம ஆளுங்க பேரு இல்லையே,” என்றார் ஒருவர்.

“ஜப்பான் பேருல்ல?” என்றார் மாரியம்மன் கோயில் கமிட்டி ஆறுமுகம். “சண்டையில ஜப்பான்காரன் இங்க ஆண்ட காலத்துல இந்தச் சந்தியிலதானே அவனுங்க கேம்ப் போட்டிருந்தானுங்க. எங்கப்பா சொல்லிருக்காரு. அப்ப செத்தவ.”

அவ்வளவுதான், ஊருக்குள் அது பற்றிக்கொண்டது. ஊரை விட்டு ஊர் வந்து செத்தவள் என்றாள் ஒருத்தி. கப்பலுக்குக் காத்துக்கொண்டு நின்றவளாம், அதனால்தான் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சின்னப் பெண்ணாக இருப்பாள், பாவம். பெத்தவங்க தேடியிருப்பாங்க. சீலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு முத்தாயியின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிய அதே கைகள். வீரமுத்து தானே முன்னால் வந்து தேங்காயை உடைத்தார். “தாயி, எங்க புள்ளைங்க தெரியாம எதும் செஞ்சிருந்தா மன்னிச்சிரு,” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது.

மாயாண்டி முத்தாயியின் முடியில் ஒரு கொத்தை அறுத்து, சந்திப் பக்கம் இருந்த பால்மரத்தில் வைத்து ஆணி அடித்தார். கிமிக்கோ போய்விட்டாள் என்றார். போகும்போது பஞ்சாலையிடம், “ஒனக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போ,” என்றார்.

*

எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். அம்மாவும் அப்பாவும் கொஞ்சம் தள்ளி நடந்தார்கள். மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. முத்தாயி தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். 

“முதுகு வலிக்குதாக்கா?”

“அது வலிக்கல.” கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள், “ஆறுமுகம் மாமாவப் பாத்தியா? ஜப்பான்காரன் கேம்ப்பாம். சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.” அவள் சிரிக்கவில்லை.

“மண்டோர் ஒன்னக் கும்பிட்டாருக்கா.”

“என்னையா கும்பிட்டாரு?”

 அவர்கள் அழுதது முத்தாயிக்கு முன்னால்தான். மன்னிப்புக் கேட்டது அவள் முகத்தைப் பார்த்துத்தான். ஆனால் தையல் போட்ட அந்தத் தலை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. டிவிக்குள்ளிருந்து வந்த, இந்த மண்ணை மிதிக்காத ஒருத்திக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

“போயிட்டுப் போகுதுக்கா. பேய் போயிருச்சுன்னு ஊரே சொல்லுது. பேக்டரிக்கும் சேதி போயிரும். நீ பஸ்ல ஏறிரலாம். அதானே வேணும்.”

முத்தாயி நின்றாள். திரும்பிச் சந்தியைப் பார்த்தாள். அங்கே சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“எல்லாருக்கும் இப்ப நல்லாத் தெரியும்டி,” என்றாள். “அந்தச் சந்தியில ஒரு பேயி இருந்துச்சுன்னு. பேரு கூடத் தெரியும். ஓட்டியாச்சுன்னும் தெரியும். திங்கக்கெழம இருட்டுல, வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, நான் மறுபடியும் அங்கதான் போயி நிக்கணும். அப்ப அந்தப் பக்கமா வர்றவன் என்னைப் பாத்தா, யாருன்னு நெனப்பான்?”